ஆய்ச்சட்டிக்குச் சந்தனப் பொட்டு

பிள்ளை பார்த்துக்கொள்ளும் தொழிலில் ஒரு வசதி உண்டு: சரக்கு காலையில் தானாக வந்து இறங்கும், சாயங்காலம் தானாகத் திரும்பிப் போகும், நடுவில் அது போடுகிற கூச்சலுக்கு மட்டும்தான் நாம் பொறுப்பு.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிர்த் தெருவில், ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்துக் குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தவள் நான். போர்டில் அழகாக ‘மழலையர் காப்பகம்’ என்று எழுதி வைத்தேன். தெருவில் ஒருத்தராவது அப்படிச் சொன்னார்களா என்றால் இல்லை. ‘தனம்மா வீடு’ என்பார்கள். கோபம் வந்த தாய்மார்கள் வேறு மாதிரியும் சொல்வார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும். மிச்சத்தை ரயில்வே கேட்டிலும் ரேஷன் க்யூவிலும் படித்தேன். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் கட்டை. இப்படிப்பட்டவளை நம்பிப் பிள்ளையை எப்படி விட்டார்கள் என்று கேட்பீர்கள். ஏழு மணிக்கு ஷிப்டு, இடுப்பில் பிள்ளை, ஊரிலிருந்து துணைக்கு வர ஆளில்லை என்று வாசலில் நின்று தவித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். விட்டுவிட்டுப் போனவர்களும் சரி, வாங்கி வைத்துக்கொண்டு முழித்த என்னைப் போன்றவர்களும் சரி, ஒரே பிஞ்சுக் கையால் அடி வாங்கியவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு வருஷம், விஜயதசமியோடு இழுத்துப் பூட்டிவிட்டு மறுபடியும் பாத்திரக் கூடையைத் தலையில் தூக்க வேண்டியதுதான் என்கிற நிலைமை வந்தது. அந்தக் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பேரம் பேசாமல் வாங்கியது

காப்பகத்துக்கு முன்னால் என் தொழில், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம். குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாகப் போவேன். இரண்டு பட்டுப்புடவை, நாலு பேன்ட் போட்டால்தான் ஒரு குண்டான் என் கூடையிலிருந்து இறங்கும். பேன்ட்டை வெயிலில் பிடித்து, இல்லாத ஓட்டையையும் கண்டுபிடித்துக் காட்டுவேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கோமதி என் வாடிக்கை. ஒரு நாள் காலையில் நான் படியேறும்போதே அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அம்பத்தூரில் ரேடியோ பாகம் பூட்டுகிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் நாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டம்மா விடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். புருஷன் ஃபாக்டரிக்குப் போயாயிற்று. இடுப்பில் ஒரு வயசுப் பையன், முத்து. ரயிலுக்கு நேரமாகிறது. நான் கூடையை இறக்கி வைத்தேன், இரண்டு கையையும் நீட்டினேன். பையன் என் கழுத்து மணியைப் பிடித்து இழுத்தான். சாயங்காலம் அவள் ஓட்டமாகத் திரும்பி வந்தபோது அவன் என் குண்டானுக்குள் உட்கார்ந்திருந்தான்.

கோமதி அவனைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: “ஒரு குண்டானுக்கு அம்புட்டு பேரம் பேசுவீயளே யக்கா, எம்பிள்ளைய ஒரு வார்த்த பேசாம வாங்கிக்கிட்டீயளே!”

ஒரு வண்டி மணல்

ஒன்று நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. கூடை பரணில் ஏறியது. உதவிக்கு முதலில் வந்தவள் முத்தாபுதுப்பேட்டை முனியம்மா. என்னைவிட மூத்தவள். அவளை நான் வேலைக்கு எடுக்கவே இல்லை. தெருவோடு போய்க்கொண்டிருந்தவள், உள்ளே பிள்ளை வீறிடுகிற சத்தம் கேட்டு, “இன்னாமே, ஒரு கொயந்தய தூக்கத் தெரியாமயா கட தொறந்துகீற?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். அப்புறம் போகவில்லை.

ஸ்டெல்லாவைத்தான் முறைப்படி வரச்சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்தவள். கொரட்டூரிலிருந்து ரயிலில் வந்தாள். நகத்தளவு சிலுவை போட்ட செயின், கையில் குடை. வாங்குகிறவள் முதலில் குறை சொல்ல வேண்டும் என்பது என் தொழில் பாடம். “வயசு ரொம்பக் கம்மியா இருக்கே” என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தால்தானே! வீட்டைச் சுற்றி வந்தாள். சோப்பு இவ்வளவு உயரத்தில் இருந்தால் பிள்ளை எப்படி எடுக்கும் என்றாள். சன்னல் கம்பியில் துருவைத் தொட்டுக் காட்டினாள். தூங்குகிற பாய்களுக்கு நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் வேண்டாமா என்றாள். ஓர் ஆள் கையில் ஆறேழு பிள்ளைக்கு மேல் விட்டால் யாருமே யாரையும் பார்த்துக்கொள்ள முடியாது என்றாள். நான் சொல்ல வேண்டிய குறையெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப உனக்கு என்னதாம்மா வேணும்? ஒரேயடியா சொல்லித் தொலை!” என்று கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்தன.

அவள் ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “பின்பக்கத்துல ஒரு வண்டி மணல் கொட்டணும்க்கா. சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம்.”

தயிர்சாதத்தில் தோற்றது

முத்துவுக்கு மூன்று வயசு ஆனபோது தயிர்சாதத்தைக் கண்டால் வாயை ஒட்டிக்கொள்வான். மூக்கைப் பிடித்து ஊட்டுவது எனக்குத் தெரிந்த வைத்தியம். ஸ்டெல்லா கூடவே கூடாது என்றுவிட்டாள். பேசித்தான் ஊட்ட வேண்டுமாம். பேசுவதற்கா நமக்குச் சொல்லித் தர வேண்டும்? தட்டோடு எதிரில் உட்கார்ந்தேன்.

“அஞ்சு வாய்” என்றேன். “ஒண்ணு” என்றான். “நாலு.” “ஒண்ணு.” “சரி, உனக்காக மூணு, இதுக்கு மேல பேச்சே கிடையாது.” “ஒண்ணு.” இந்த இடத்தில் வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நாலு அடி போவதற்குள் “இந்தாம்மா, வா வா” என்று பின்னாலிருந்து குரல் வரும், வந்தே தீரும். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். குரலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பையன் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானே திரும்பி வந்தேன். அப்போதுதான் அவன் தன் விலையைச் சொன்னான்: “நீ ரெண்டு வாய் தின்னு. நான் ஒரு வாய் திங்கேன்.”

தட்டு காலியானது உண்மை. யார் வயிற்றுக்குள் போனது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முனியம்மா சொன்னாள்: “கோட்டர்ஸ் பூரா ஏமாத்துனவள, ஒரு அரடவுசரு ஏமாத்திகினு பூட்ச்சே மே!”

சோடா மூடி

எங்களிடம் மரக்குதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற வேண்டியவர்கள் பத்துப் பேர். தினமும் காலையில் ஒரு யுத்தம். நான் போய் நின்று ஒரு சத்தம் போடுவேன், யுத்தம் நிற்கும். திரும்பினால் மறுபடி ஆரம்பிக்கும்.

ஸ்டெல்லா தெருமுனைப் பெட்டிக்கடையிலிருந்து சோடா மூடிகளைப் பொறுக்கி வந்து, ஓரத்தைக் கை கிழிக்காதபடி தட்டிச் சப்பையாக்கி, பெயின்ட் அடித்தாள். பெயர் எழுதினால் படிக்கத் தெரியாதே, அதனால் ஆளுக்கு ஒரு படம். முத்துவுக்குக் குடை. குட்டி கீதாவுக்கு மீன். இன்னொருத்திக்குப் பட்டம். பொம்மையோ பந்தோ, எதை எடுத்தாலும் அது இருந்த இடத்தில் உன் மூடியை வைத்துவிட்டுப் போக வேண்டும். விளையாடி முடித்ததும் பொம்மையை வைத்துவிட்டு மூடியை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம். முதல் இரண்டு வாரம் ஒரே ரகளை. மூடியை மூக்கில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்புறம் ஒரு நாள் பார்க்கிறேன், குதிரை இல்லாத இடத்தில் மீன் மூடி கிடக்கிறது. முத்து அதைப் பார்த்துவிட்டு, “கீதா வச்சிருக்கா” என்று சொல்லி, அழாமல் போய்த் திண்டில் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. அலமாரியிலிருந்து நான் கத்தரிக்கோலை எடுத்தால், “ஒன் மூடி எங்க?” என்று என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினான். முதலாளிக்கும் ஒரு மூடி வேண்டியதாகிவிட்டது. ஸ்டெல்லா வரைந்து கொடுத்தாள். பார்த்தால், சிவப்பாக ஒரு மிளகாய். நான் முறைத்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “பிள்ளைங்க சொன்னதுதான்க்கா. நான் ரோஜாப்பூ வரையலாம்னுதான் இருந்தேன்.”

சங்கு ஊதினால்

சாயங்காலம் ஃபாக்டரியில் சங்கு ஊதினால் எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அப்பா அம்மா வருகிற நேரம் என்று அதுகளுக்குத் தெரியும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்ததெல்லாம் உதட்டைப் பிதுக்கும். ஒன்று ஆரம்பித்தால் வரிசையாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெல்லா இதற்கும் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். சங்கு ஊதினதும் எல்லார் செருப்பையும் கலைத்து நடுவில் குவித்துவிடுவாள். அவரவர் ஜோடியைத் தேட வேண்டும். தேடிய பெரியதுகள், சின்னதுகளுக்கு வலது இடது பார்த்து மாட்டிவிட வேண்டும். மாட்டி முடிக்கிற நேரத்துக்கு வாசலில் அப்பாக்கள் வந்துவிடுவார்கள். அழ நேரமிருக்காது.

முத்துவின் அப்பா துரைராஜ், ஃபாக்டரி டூல் ரூமில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் டிவி வாங்குவதாக இருந்தாலும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தாலும், அவரைக் கேட்காமல் நடக்காது. அவர் தலையசைத்தால் எட்டு வீடு தலையசைக்கும். அவர் ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டார். மகன் ஒரு குட்டிச் செருப்பையும் ஒரு பெரிய செருப்பையும் அடியோடு அடி சேர்த்து வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஜூனில்தான் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு நர்சரி திறந்திருந்தார்கள். டை, ஷூ, வீட்டு வாசலுக்கு வேன். விஜயதசமிக்கு அட்மிஷன் என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். துரைராஜ் போனால் பின்னாலேயே பாதிக் காப்பகம் போகும். பாதி போனால் ஸ்டெல்லாவையும் முனியம்மாவையும் வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் நான் என்ன காப்பகம் நடத்துவது?

அவர் மகனைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: “மெயின் ரோட்டுல இவன் வயசுப் பிள்ளையள்லாம் ஏ பி சி டி எழுதுதுவ. எம்பிள்ள இங்க செருப்பு பொறுக்கிட்டு நிக்கான். விஜயதசமிக்கு அங்கன சேத்துரலாம்னு இருக்கேன் யக்கா.”

பலப்பம்

மறுநாளே கடைக்குப் போய், ஒரு கட்டு சிலேட்டும் ஒரு பெட்டி பலப்பமும் அடித்துப் பேசி வாங்கி வந்தேன். ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். இந்த வயசில் விரலுக்கு வலு வராது, மணலில் கிறுக்கட்டும், களிமண் பிசையட்டும், வாய் நிறையப் பேசட்டும், எழுத்து அதன் பின்னால் வரும் என்றாள். “எல்லாம் பின்னால வரும், அதுக்குள்ள பிள்ளைங்க வேன்ல போயிடும்!” என்று நான் போட்ட சத்தத்தில் காக்கா பறந்தது. அவள் மணலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

நான் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தேன். சிலேட்டுக்கு ஒரு ‘அ’ போட்டுக் கொடுத்தேன். “இதுமேலயே எழுதணும், வாயைத் திறக்கக் கூடாது” என்றேன். வாசலில் பால்காரர் கூப்பிட்டார். அவரிடம் தண்ணீர்ப் பாலைப் பற்றி இரண்டு வார்த்தை சூடாகப் பேசிவிட்டு வந்தேன். என்ன அமைதி! அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மனசு குளிர்ந்து போய்க் கிட்டே வந்து பார்த்தேன். சிலேட்டில் நான் போட்ட ‘அ’ அப்படியே இருந்தது. பலப்பம் மட்டும் யார் கையிலும் இல்லை. கீதாவின் கடைவாயில் வெள்ளையாக ஒழுகியது. அத்தனை பிள்ளைகளும் பலப்பத்தை மென்றுகொண்டிருந்தன. நான் அலறிய அலறலில் ஸ்டெல்லா ஓடி வந்து ஒவ்வொரு வாயாக விரல் விட்டுத் துழாவி, கொப்பளிக்க வைத்து, தண்ணீர் குடிக்க வைத்தாள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முத்து மட்டும் இன்னொன்று கேட்டான்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். முனியம்மா சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “வுடு மே. எயுத்து உள்ளாற பூட்ச்சு. காலீல தன்னால வெளிய வரும்.”

வேவு

அவர்கள் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பரணில் இருந்த கூடையை இறக்கி, மிச்சமிருந்த பாத்திரங்களை அடுக்கி, தலையில் தூக்கிக்கொண்டு புது நர்சரி வாசலில் போய் நின்று, “பழைய துணிக்குப் பாத்திரேம்” என்று என் பழைய குரலை எடுத்துவிட்டேன். உள்ளே யாருக்கோ இட்லிப்பானை தேவைப்பட்டிருக்கிறது. வாட்ச்மேன் என்னைப் பின்பக்கத்தில் உட்காரச் சொன்னார். அங்கே ஒரு சன்னல்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடம் ஒப்பித்ததைக் கேட்டால் எனக்கே ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றியது. நாம் தோற்றோம் என்றே நினைத்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு பொடியன் கண்ணில் பட்டான். காலைக் காலோடு பின்னிக்கொண்டு, டையைக் கடித்துக்கொண்டு, முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த முறுக்கல் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அறை நிறையப் பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். பாவம், அந்தப் பெண்ணும் எத்தனை பக்கம்தான் திரும்பும்? நான் கூடையை மறந்தேன், வேவை மறந்தேன். நேராக உள்ளே போய் அவன் கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, பட்டனைக் கழற்றி, வேலை முடிந்ததும் கழுவி, மூக்கையும் சிந்திவிட்டேன். திரும்பினால் எனக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

வாட்ச்மேன் என் இட்லிப்பானையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “யம்மா, நீ பாத்திரம் விக்க வந்தியா, பசங்களுக்கு டவுசர் மாட்ட வந்தியா?”

எங்கள் ஆயுதம்

ஆயுத பூஜைக்கு ஆவடியில் நட்டு போல்ட்டுக்குக்கூடப் பொட்டு வைத்துவிடுவார்கள். டூல் ரூமில் ஸ்பேனருக்கு, அம்பத்தூரில் தையல் மெஷினுக்கு, ஸ்டாண்டில் ஆட்டோவுக்கு. அவரவர் கையில் சோறு போடுகிற பொருளுக்குப் பூஜை. மறுநாள் விஜயதசமி. போகிறவர்கள் போகுமுன் கடைசியாக ஒரு தடவை கண்ணில் காட்டுவோம் என்று, பூஜையன்று காலையில் எல்லா வீட்டையும் வரச்சொன்னேன். சுவரோரம் பலகை போட்டு, சிலேட்டுகளையும், இரவல் வாங்கிய படப் புத்தகங்களையும், துரைராஜ் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கினேன். ஸ்டெல்லா, “நீங்க கும்பிடுங்கக்கா, நான் பொரி கட்டறேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பூ வாங்கப் போனேன்.

அந்த நேரத்தில் முனியம்மா பிள்ளைகளிடம், “நம்ம பொயப்புக்கு இன்னா ஓணுமோ அத்த எட்த்துகினு வாங்கடா, பொட்டு வெக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள். நான் திரும்பி வந்து பார்க்கிறேன். சிலேட்டும் புத்தகமும் தரையில். பலகை மேல் மணல் தோண்டுகிற கரண்டி, சோப்பு, என் மிளகாய் மூடி. நட்ட நடுவில், பிள்ளைகள் வெளிக்குப் போக உட்காருகிற எங்கள் பிளாஸ்டிக் ஆய்ச்சட்டிகள். சோப்புப் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சின்னதிலிருந்து பெரிதாக அளவு பார்த்து வரிசை கட்டி. எல்லாம் முத்துவின் வேலை. நான், “ஐயோ, எடுங்கடா!” என்று கத்துவதற்கும், வாசலில் துரைராஜும் கோமதியும் பின்னால் நாலு குடும்பமும் நுழைவதற்கும் சரியாக இருந்தது.

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். துரைராஜ் சிரிக்கவில்லை. குனிந்து அந்த வரிசையையே பார்த்தார். இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு சட்டிக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு சோடா மூடி. அதன் மேல் ஒரு மீன்.

“இது என்னலே இங்க ஒண்ணு இல்லாமக் கெடக்கு?” என்றார்.

“அது கீதா” என்றான் முத்து, கைவேலையை விடாமல். “எடுத்துட்டுப் போயிருக்கா. வந்து வச்சிருவா.”

உள்ளேயிருந்து அந்த நேரம் பார்த்து, “தனம்மா, ஆச்சூ! கழுவி வுடு!” என்று கீதாவின் குரல் வந்தது.

துரைராஜ் அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே, மீன் நேராகத் தெரிகிற மாதிரி வைத்தார். அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டூல் ரூமில் எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் ஆணியில் தன் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். பயிற்சிக்கு வருகிற பையன்கள் அந்தச் சட்டத்தை மீறாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றவர்களிடம் சொன்னார்: “டோக்கன மாட்டுங்கலேன்னு டிரெயினிங் பயலுவட்ட தொண்ட கிழியக் கத்துதேன், ஒருத்தன் கேக்க மாட்டேங்கான். இங்க ஆய்ச்சட்டிக்கே டோக்கன் மாட்டுதானுவ!”

நெல்லும் பேரமும்

சிரித்தது சரி. ஆனால் சிரித்துவிட்டுப் போனவர் அட்மிஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. விஜயதசமி காலையில் நான் வாசலில் நின்று, மெயின் ரோட்டுப் பக்கம் வேன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் துரைராஜின் சைக்கிள் திரும்பியது. பாரில் முத்து, புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வழித்த தலை. பின்னால் கோமதி கையில் ஒரு தாம்பாளம். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வயசில் என் குண்டானுக்குள் உட்கார்ந்த பிள்ளை. எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். “போறவங்க நேராப் போக வேண்டியதுதானே! வேன் அந்தப் பக்கம்!” என்று கத்தினேன்.

துரைராஜ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். தாம்பாளத்தை எங்கள் தரையில் வைத்து நெல்லைப் பரப்பினார். மகன் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைக்க ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். பின்னாலேயே கீதாவின் அம்மாவும் ஒரு தட்டோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எனக்கு வாயடைத்துப் போனது. முனியம்மா அதை அதிசயமாகப் பார்த்தாள்.

ஆனால் முத்து விரலை மடக்கிக்கொண்டான். ஸ்டெல்லா கெஞ்சிப் பார்த்தாள். கோமதி கொஞ்சிப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. “சொல்லுடா, உன் விலை என்ன?” என்றேன். “நீ ரெண்டு எழுது. நான் ஒண்ணு எழுதுதேன்.” முட்டி மடக்கி உட்கார்ந்து, அத்தனை தாய் தகப்பன் முன்னால் நான் நெல்லில் இரண்டு ‘அ’ போட்டேன். அவன் ஒன்று போட்டான். கோணல்தான். போட்டு முடித்ததும் ஒரு பிடி நெல்லை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

துரைராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “எழுத்து இங்கனயே ஆரம்பிக்கட்டும் யக்கா, அஞ்சு வயசுல பெரிய பள்ளிக்கூடம் பாத்துக்கிடலாம். பலப்பத்த மட்டும் கையில குடுத்துராதீய.”

ஆவடியிலிருந்து கொரட்டூர் வரைக்கும் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் பேரத்தில் மடக்கியிருக்கிறேன், மூன்றடிக்குக் கீழே இருந்த ஓர் ஆளிடமாவது ஜெயித்தேனா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.